ஜெர்மனியின் மரச்சட்ட வீட்டுச் சாலை: ஒரு வாரத்தில் எந்தப் பகுதியைப் பார்ப்பது?

நெல்லை_பிரபா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் இருக்கோம். மே கடைசியில ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்க. அப்பா பொதுப்பணித் துறையில மேற்பார்வையாளரா இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்குள்ள சாமி கும்பிடுறதுக்கு முன்னாடி உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பார். அவருக்காகவே டாய்ச்ச ஃபாக்வெர்க் ஸ்ட்ராசென்னு சொல்ற மரச்சட்ட வீட்டுச் சாலையில ஒரு வாரம் சுத்தலாம்னு யோசனை. மரக்கட்டையால சட்டம் நிறுத்தி, இடைவெளியைச் சுவரா அடைச்சுக் கட்டின பழைய வீடுங்க இருக்கிற ஊர்களை இணைக்கிற சுற்றுலா வழி அது. கார் இருக்கு, கூட ஆறு வயசுப் பையனும் வர்றான். வரைபடத்தைத் திறந்தா வடக்குல எல்பெ ஆத்துல ஆரம்பிச்சு தெற்குல போடன்சே ஏரி வரைக்கும் கோடு போகுது. எங்க தொடங்கி எங்க முடிக்கிறதுன்னே பிடிபடல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஹானோவர்_மீனா:
வாங்க பிரபா. மொதல்ல ஒண்ணு: அந்தக் கோட்டை முழுசா ஓட்டணும்ங்கிற எண்ணத்தை விட்டுடுங்க. 1990ல இந்தச் சாலையைத் தொடங்கினாங்க. கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர், ஏழு பகுதி. பேர்தான் சாலை. உண்மையில இது ஒரே நெடுஞ்சாலை கிடையாது, ஊருக்கு ஊர் சின்னச் சாலைகளைக் கோத்து வச்சிருக்காங்க. வடக்குல ஸ்டாடெ, செல்லே. ஹார்ட்ஸ் மலைப் பக்கம் வெர்னிகெரோடெ, க்வெட்லின்புர்க். நடுவுல ஹெஸ்ஸன் மாநிலத்துல ஆல்ஸ்ஃபெல்ட், ஃப்ரிட்ஸ்லார். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மேற்கே இட்ஸ்டைன், லிம்புர்க். தெற்கே மிஷெல்ஸ்டாட், மில்டென்பெர்க், எஸ்லிங்கன்னு போய் மேர்ஸ்புர்க்ல ஏரியில முடியும்.

பெரியவங்களும் குழந்தையும் கூட இருக்கிறதால ஒரு நாளைக்கு ஒரு ஊர், மிஞ்சினா ரெண்டு. காலையில ஒண்ணு, சாயங்காலம் இன்னொண்ணுன்னு வச்சாலே நிறைய. இந்த ஊர்கள்ல கார்ல இருந்து பார்க்க ஒண்ணும் இல்ல. பழைய நகருக்கு வெளியே நிறுத்திட்டு நடக்கணும். தரை எல்லாம் உருட்டுக்கல், அம்மாவுக்கு மெத்தென்ற ஷூ கட்டாயம்.

எஸ்ஸென்_கார்த்தி:
என் கருத்து கொஞ்சம் வேற. நானும் இந்த ஊர்களைக் குடும்பத்தோட சுத்தியிருக்கேன். முதல் ஊர்ல வாயைப் பிளந்து பார்ப்பீங்க, ரெண்டாவதுல போட்டோ எடுப்பீங்க, மூணாவதுல எங்க காபி கிடைக்கும்னு தேடுவீங்க. வெள்ளைச் சுவர், கறுப்புக் கட்டை, ஜன்னல்ல செம்பருத்தி மாதிரி ஒரு சிவப்புப் பூ. எல்லா ஊரும் ஒண்ணுபோலத்தான். ஒரு வாரம் முழுக்க இதுக்கே செலவழிக்கணுமா? ரோத்தன்புர்க் போங்க, ஒரு நாள் போதும். மிச்ச நாளுக்கு ஆல்ப்ஸ் பக்கம் கூட்டிட்டுப் போங்க. ஊர்ல இருந்து வர்றவங்களுக்குப் பனிமலைதான் காலத்துக்கும் நினைவுல இருக்கும்.

தச்சுப்பட்டறை:
கார்த்தி சொல்வதற்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும். பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன், மரச்சட்ட வீடுகள்தான் எங்கள் அன்றாடப் பிழைப்பு.

எல்லாம் ஒன்றுபோலத் தெரிவது சட்டத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பார்ப்பதால். அந்தக் கறுப்பு வெள்ளையே பல ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய பழக்கம்தான். அதற்கு முன் மரத்துக்குக் காவிச் சிவப்பு, மஞ்சள் காவி, சாம்பல் எல்லாம் பூசியிருக்கிறார்கள். சீரமைக்கும்போது அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்தால் அடியில் அந்த நிறங்கள் வரும்.

இனி சட்டம். வடக்கே, அதாவது செல்லே, ஐன்பெக், க்வெட்லின்புர்க் பக்கம் போனால் நிலைக்கால்கள், அதாவது செங்குத்து மரங்கள், நெருக்கமாக நிற்கும். ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடத் தெருப்பக்கம் முன்னே துருத்திக்கொண்டு வரும். அந்தத் துருத்தலைத் தாங்கும் விட்ட முனைகளையும், அதன்மேல் கிடக்கும் நீளமான கிடைமரத்தையும் அண்ணாந்து பாருங்கள். கைவேலை முழுவதும் அங்கேதான். அரைவட்ட விசிறிபோலச் செதுக்கிய பூவேலை, முறுக்குக் கயிறு, வீடு கட்டிய ஆண்டு, கட்டியவர் பெயர், கடவுளின் அருள் வேண்டி ஒரு வரி. ஹெஸ்ஸனுக்கு வந்தால் செதுக்கு வேலை குறைந்து, சாய்வுக்கால்களே கோலம் போட ஆரம்பிக்கும். நடுவில் ஒரு நிலைக்கால், அதன் இருபுறமும் விரித்த கால்களாகக் கீழ்ச் சாய்வுகள், தூக்கிய கைகளாக மேல் சாய்வுகள். 'காட்டு மனிதன்' என்றே அந்த வடிவத்துக்குப் பெயர். பிரபா, உங்கள் பையனிடம் தெருவுக்குத் தெரு அதை எண்ணச் சொல்லுங்கள், அவனுக்கு அலுக்கவே அலுக்காது.

இன்னும் தெற்கே ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிய ஸ்வாபியப் பக்கம் போனால் நிலைக்கால்கள் தள்ளித் தள்ளி நிற்கும். இடையில் அகலமான சுவர். பழைய வீடுகளில் சாய்வுக்காலின் முனையை நாக்குபோலச் செதுக்கிக் கழுந்தாக்கித் துளைக்குள் இறக்கியிருக்க மாட்டார்கள். ஒரு மரத்தைப் பாதி வெட்டி இன்னொன்றின் மேல் படிய வைத்திருப்பார்கள். அந்த இணைப்பு வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். எஸ்லிங்கனின் பழைய நகராட்சி மன்றம் அதற்கு ஒரு பாடப் புத்தகம். 1420களில் கட்டியது.

இது மூன்று வட்டாரத் தச்சர்கள் மூன்று விதமாக யோசித்ததன் விளைவு. ஒரு நாள் ரோத்தன்புர்க் போனால் இதில் எதுவும் தெரியவராது. அந்த ஊர் இந்தச் சாலையில் இல்லை, ரொமாண்டிக் சாலை என்ற வேறொரு சுற்றுலா வழியில் இருக்கிறது. அங்கே கூட்டமும் அதிகம்.

நெல்லை_பிரபா:
தச்சுப்பட்டறை அண்ணே, இதை அப்படியே அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். உடனே போன் பண்ணிட்டார். அவர் கேக்கச் சொன்ன கேள்வி: மாடி ஏன் துருத்திக்கிட்டு நிக்குது? சுவர்ல நடுவுல அடைச்சிருக்கிறது செங்கலா, மண்ணா? இரும்பு ஆணி இல்லாமலா நிக்குது?

தச்சுப்பட்டறை:
அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

துருத்தலுக்கு ஒரே காரணம் கிடையாது. நகரத்துக்குள் மனையின் அகலம் குறைவு, மேலே போகப்போக இடம் கூடுகிறது. மேல்மாடி கீழ்ச்சுவருக்கு மழை படாமல் காக்கிறது. மூன்றாவது காரணம் அவருக்குப் பிடிக்கும்: விட்டத்தின் முனை சுவரைத் தாண்டி வெளியே நீண்டு அதன்மேல் மேல்மாடிச் சுவரின் பாரம் இறங்கும்போது, அறையின் நடுவில் விட்டம் தொய்வது குறைகிறது.

சட்டத்துக்கு நடுவே அடைப்பது பழைய முறையில் மண்தான். நம் ஊரில் வரிச்சு கட்டி மண் அப்புவார்களே, அதே வேலை. ஓக் குச்சிகளை நிறுத்தி, ஊடே வளையும் கிளைகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். வடக்கில் பல இடங்களில் செங்கல் அடைப்பும் உண்டு, சிலர் அதையும் கோலம்போல அடுக்கியிருப்பார்கள்.

இணைப்பில் இரும்பு கிடையாது. கழுந்து, துளை, குறுக்கே மர ஆணி. சூட்சுமம் ஆணியில் இருக்கிறது. கழுந்தில் போடும் ஓட்டையைத் துளையின் ஓட்டைக்கு நேராகப் போடாமல் மயிரிழை தள்ளிப் போடுவார்கள். ஆணியை அடிக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கிவிடும். மரத்தையும் வெட்டிய ஈரத்தோடு வேலை செய்வதுதான் வழக்கம். சட்டமாக நின்றபடியே காய்ந்து இன்னும் இறுகும். பல வீடுகளில் ஆணியின் தலை ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அறுத்துவிட மாட்டார்கள்.

இணைப்புகளுக்கு அருகில் மரத்தில் கீறிய கோடுகளையும் தேடச் சொல்லுங்கள். சட்டத்தை முதலில் தரையில் படுக்க வைத்துப் பொருத்திப் பார்த்து, பிரித்து, மனைக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று தெரிய எண் போடுவார்கள். ரோமானிய எண்போல இருக்கும், ஆனால் நான்கு என்றால் நான்கு கோடுகள். சில கோடுகளில் பக்கவாட்டில் ஒரு சிறு கொடி இருக்கும், அது வீட்டின் எந்தப் பக்கம் என்பதற்கான குறி. வீட்டு உரிமையாளரின் பெயர் பெரிய எழுத்தில் முகப்பில் இருக்கிறது. தச்சனின் கையெழுத்து என்று எனக்குத் தோன்றுவது இந்தக் கோடுகள்தான்.

செல்லே_வாணி:
நான் செல்லேயிலை கனகாலமாய் இருக்கிறன். இந்த இழையை வாசிச்சுப்போட்டு எழுதாமல் இருக்க ஏலாது. எங்கட ஊர்ப் பழைய நகரத்திலை 400க்கு மேலை இந்த வீடுகள் இருக்கு. போரிலை பெரிசாய் அழியாமல் தப்பின ஊர். போஸ்ட் ஸ்ட்ராசெயிலை 1532இலை கட்டின ஹொப்பெனர் வீட்டை ஒருக்கால் ஆறுதலாய் நிண்டு பாருங்கோ. ஒவ்வொரு மரத்திலையும் தேவர்களும் பூதங்களும் பாம்பு மாதிரி உருவங்களும் செதுக்கியிருக்கு. பிள்ளையளுக்குக் காட்ட நல்லது.

ஆனால் நான் வாறவைக்கு எப்பவும் காட்டுறது இம் கிரைசெ எண்ட சின்னத் தெருவிலை இருக்கிற யூதக் கோயில். அதுவும் மரச்சட்டக் கட்டடம்தான், 1740இலை கட்டினது. 1938 நவம்பரிலை நாசியள் ஜெர்மனி முழுக்க யூதக் கோயில்களை எரிச்சவை. இதை உடைச்சவை, ஆனால் எரிக்கேல்லை. பக்கத்திலை ஒட்டி ஒட்டி மரவீடுகள், நெருப்பு வைச்சால் தெருவே போயிடும் எண்ட பயம். எரிஞ்ச நகரத்திலை இருந்து வந்த எனக்கு அந்தக் கதவடியிலை நிக்கேக்கை நெஞ்சு கனக்கும். வடிவான வீடுகளைப் பார்க்க வாற ஆக்கள் இதையும் பார்த்துக்கொண்டு போகவேணும்.

எஸ்ஸென்_கார்த்தி:
வாணியக்கா, அது எனக்குத் தெரியாத விஷயம். செல்லே வந்தா கண்டிப்பா பார்க்கிறேன்.

ஆனா சட்டத்தை உத்துப் பார்க்கிற பொறுமை தச்சுவேலை தெரிஞ்சவங்களுக்கு இருக்கும். சாதாரணமா வர்ற குடும்பத்துக்கு இருக்குமான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான். இன்னொரு கேள்வியும் இருக்கு. பிரபா இருக்கிறதே ஃபிராங்க்ஃபர்ட்ல. அங்க ரோமர் சதுக்கத்துல வரிசையா மரச்சட்ட வீடு நிக்குது, பக்கத்துலயே புதுசா கட்டின பழைய நகரம் வேற. அதை விட்டுட்டு எதுக்கு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டணும்?

தச்சுப்பட்டறை:
நல்ல கேள்வி, கார்த்தி. ஃபிராங்க்ஃபர்ட்டின் பழைய நகரம் 1944 மார்ச் குண்டுவீச்சில் எரிந்துபோனது. ரோமர் சதுக்கத்தின் கிழக்கு வரிசை 1980களில் மீண்டும் கட்டியது. அதற்குப் பக்கத்தில் 2018ல் முடிந்த புதிய பழைய நகரில் 35 வீடுகள். அவற்றில் 15 பழைய வரைபடம், புகைப்படம் வைத்து அப்படியே திரும்பக் கட்டியவை, மற்ற 20 புது வடிவமைப்பு. ஹில்டெஸ்ஹைமிலும் இதே கதை. 1529ல் கட்டிய கசாப்புக்காரர் சங்க மாளிகை 1945 மார்ச் 22ஆம் தேதி எரிந்தது. அதன் மனையில் பிற்பாடு ஒரு ஹோட்டலைக் கட்டினார்கள். அந்த ஹோட்டலை இடித்துவிட்டு 1987 முதல் 1989 வரை மாளிகையைப் பழைய முறையிலேயே எழுப்பினார்கள்.

இவற்றைப் போலி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இழந்ததைத் திரும்பக் கேட்டு நின்ற ஊர்க்காரர்களின் ஆசை உண்மையானது. அந்த வேலைகளால் மறந்துபோன இணைப்புகளை இளம் தச்சர்கள் மறுபடி கையால் செய்து பழகினார்கள். ஆனாலும் அவற்றைப் பார்த்துவிட்டுப் பழைய வீடுகளைப் பார்த்ததாகக் கணக்கு வைக்க முடியாது. க்வெட்லின்புர்க்கில் வோர்ட்காஸெ என்ற சந்தில் ஒரு சிறிய வீடு இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இப்போது மரச்சட்ட வீடுகளுக்கான அருங்காட்சியகம். அதன் நிலைக்கால்கள் தரையிலிருந்து கூரை வரை ஒரே மரம். மாடிக்கு மாடி தனிச்சட்டம் வைக்கும் முறை பரவுவதற்கு முந்தைய வேலை. மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்த மரத்தில் கையை வைத்துப் பாருங்கள். அந்த அனுபவத்தைப் புதிதாகக் கட்டித் தர முடியாது.

க்வெட்லின்புர்க் தப்பியதும் தானாக நடந்ததில்லை. அங்கே 2,000க்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் உண்டு. போரில் பெரிய சேதமில்லை. ஆனால் பக்கத்து ஊரான ஹால்பெர்ஸ்டாட் 1945 ஏப்ரல் 8ஆம் தேதி எரிந்தது. அங்கே எஞ்சிய பழைய வீடுகளும் கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் கவனிப்பாரின்றி இடிந்தன, பலவற்றை இடித்தார்கள். க்வெட்லின்புர்க்கின் பழைய நகரையும் இடித்துவிட்டுப் புதிய மையம் கட்டும் திட்டம் இருந்தது. பணம் இல்லாததால் நின்றுபோனது. சந்தைச் சதுக்கத்துக்கு வடக்கே போனால் பழைய தெருவின் உயரத்துக்கும் கூரைச் சரிவுக்கும் பொருந்துகிற மாதிரி செய்த கான்கிரீட் பலகைக் கட்டடங்களைப் பார்ப்பீர்கள், அவை 1980களில் வந்தவை. 1994ல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்தது. அப்போதும் ஏராளமான வீடுகள் கூரை ஒழுகிக்கொண்டு நின்றன. அன்றிலிருந்து வீடு வீடாகத் தொடரும் வேலை இது.

மேற்குப் பக்கம் வேறு மாதிரியான கேடு நடந்தது. 1960, 70களில் நல்லெண்ணத்தோடுதான் சிமெண்ட் பூச்சும் காற்றுப் புகாத பெயிண்டும் அடித்தார்கள். மரமும் மண்ணும் ஈரத்தை வாங்கும், திரும்ப விடும். சிமெண்ட் விடாது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுகிறவன் உள்ளே நனைவதுபோல் மரம் உள்ளுக்குள் ஊறிவிடும். நாங்கள் திறந்து பார்த்த ஒரு வீட்டில் வெளியே சுவர் புத்தம் புதிதாக இருந்தது, கீழ்க்கிடைமரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் கைப்பிடி வரை இறங்கியது. அந்த மரத்தை மட்டும் அறுத்தெடுத்து, புது ஓக் கட்டையைப் பழைய இணைப்பு முறையிலேயே ஒட்டி, மறுபடி களிமண் அப்பினோம். பிரபா, நடக்கும்போது கீழ்ச்சட்டத்தில் நிறம் மாறிய ஒட்டுக்கட்டைகளைப் பார்த்தால் அப்பாவுக்குக் காட்டுங்கள். அந்த வீட்டை யாரோ ஒழுங்காகக் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஸ்டுட்கார்ட்_முத்து:
கார் இல்லாதவங்களுக்காக ஒரு சின்ன குறிப்பு. எஸ்லிங்கனுக்கு ஸ்டுட்கார்ட்ல இருந்து எஸ்பான்ங்கிற புறநகர் ரயில் போகுது. ஹாஃபன்மார்க்ட்ல 1330 வாக்குல கட்டின வீட்டு வரிசை இன்னும் நிக்குது, கீழ கடை, மேல குடித்தனம். க்வெட்லின்புர்க், வெர்னிகெரோடெ, செல்லே, ஹானோவெர்ஷ் மியுண்டன் எல்லாத்துக்கும் வட்டார ரயில் உண்டு, டாய்ச்லான்ட் டிக்கெட்ங்கிற மாதச் சந்தா டிக்கெட்லயே போயிட்டு வரலாம். ஐசிஇ அதிவேக வண்டியில அது செல்லாது, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

சரவணன்_காஸெல்:
இழையை விட்டு விலகுதுன்னா மன்னிக்கணும். இந்தச் சின்ன ஊர்கள்ல மரச்சட்ட வீடு நம்ப முடியாத விலைக்கு விளம்பரத்துல வருது. எங்க பட்ஜெட்ல நகரத்துல ஒரு பிளாட் கூட வாங்க முடியாது. ஒண்ணு வாங்கி சரிபண்ணிக் குடியிருக்கலாமான்னு நானும் மனைவியும் பேசிக்கிட்டு இருக்கோம். யாராவது செஞ்சிருக்கீங்களா?

தச்சுப்பட்டறை:
விலகவே இல்லை, சரவணன். இந்தச் சாலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் மாலையில் போய்விடுவார்கள். ராத்திரி விளக்கெரிய ஆள் வேண்டும். தெற்கு நீடர்சாக்சனில் ஐன்பெக், டூடர்ஸ்டாட், ஹானோவெர்ஷ் மியுண்டன், நோர்ட்ஹைம், ஓஸ்டெரோடெ என ஐந்து ஊர்கள் 'ஃபாக்வெர்க் ஐங்கோணம்' என்று கூட்டுச் சேர்ந்திருப்பதே காலி வீடுகள் பெருகிவிட்ட கவலையால்தான்.

விலை குறைவு என்பது பாதிக் கணக்கு. வேலைச் செலவு விலையைப் போல் பல மடங்கு போகலாம். வாங்குவதற்கு முன் பழைய மரம் தெரிந்த தச்சர் ஒருவரைக் கூட்டிப்போய்க் கீழ்ச்சட்டம், கூரை முனைகள், குளியலறைச் சுவர் மூன்றையும் காட்டுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்தோடு முதலில் பேசி, ஒப்புதல் கையில் வந்த பிறகு வேலையைத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்து சொந்தமாகக் குடியிருந்தால் சீரமைப்புச் செலவில் ஆண்டுக்கு 9 சதவீதம் வீதம் 10 ஆண்டுகள் வரிக்கான வருமானத்தில் கழிக்கலாம். ஒப்புதலுக்கு முன் ஜன்னலை மாற்றிவிட்டு அப்புறம் கேட்டால் அந்தச் சலுகை கிடைக்காது.

தாழ்ந்த கூரைக்கும் சாய்ந்த தரைக்கும் மனதளவில் தயாராக இருந்தால் வாங்குங்கள். கோடையில் மண்சுவர் அறையில் ஒரு மதியம் படுத்துப் பார்த்தால் தெரியும், அவ்வளவு சுகம்.

செல்லே_வாணி:
சரவணன் தம்பி, எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் அப்பிடி ஒரு வீட்டிலை வாடகைக்கு இருக்கினம். படி செங்குத்து, வயசான ஆக்களுக்குக் கஷ்டம். அலுமாரி வாங்கினால் சுவரோடை ஒட்டி நிக்காது, காலுக்குக் கீழை கட்டை வைக்கவேணும். எண்டாலும் பக்கத்து வீட்டுச் சனம் எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுற அளவுக்கு நெருக்கம். ஊர் பிடிச்சுப்போச்சு எண்டு சொல்லுவினம்.

ஹானோவர்_மீனா:
பிரபா, உங்க கேள்விக்குத் திரும்ப வர்றேன். ஃபிராங்க்ஃபர்ட்ல இருந்து கிளம்பி வடகிழக்கா ஹார்ட்ஸ் வரைக்கும் போயிட்டு, ஹாலெ வழியா திரும்புங்க. ஏன் ஹாலென்னு கடைசியில சொல்றேன்.

முதல் நிறுத்தம் ஆல்ஸ்ஃபெல்ட். சந்தைச் சதுக்கத்துல 1512ல் இருந்து 1516க்குள்ள கட்டின நகராட்சி மன்றம் இருக்கு. கீழ கல்லால கட்டின திறந்த மண்டபம், மேல மரச்சட்டம், ரெண்டு கூர்க் கோபுரம். 1975 ஐரோப்பியக் கட்டடப் பாரம்பரிய ஆண்டுக்கு மாதிரி நகரமாத் தேர்ந்தெடுத்த ஊர்கள்ல இதுவும் ஒண்ணு. அங்க இருந்து ஃப்ரிட்ஸ்லார், சதுக்கத்தை ஒரு சுத்து சுத்தினா போதும். ராத்திரி ஹானோவெர்ஷ் மியுண்டன்ல தங்குங்க. வெரா, ஃபுல்டா ரெண்டு ஆறும் அங்க சேர்ந்து வேசெர்ங்கிற பேரோட கிளம்புது. சேர்ற இடத்துல 1899ல நட்ட கல் இருக்கு. பையனுக்கு ஒரு கால் அந்த ஆத்துப் பக்கம், ஒரு கால் இந்த ஆத்துப் பக்கம். ஊருக்குள்ள 700 மரச்சட்ட வீடு, ஆனா சுற்றுலாக் கூட்டம் நெருக்காது. எனக்கு இந்தச் சாலையிலேயே ரொம்பப் பிடிச்ச ஊர் இதுதான்.

அடுத்து ஐன்பெக். 1540ல ஊரே எரிஞ்சு திரும்பக் கட்டினது. டீடெக்ஸர் ஸ்ட்ராசெயில வரிசையா நிக்கிற வீடுகளோட வாசல் வளைவுகளைப் பாருங்க, வண்டியே உள்ள போற அகலம். அந்த ஊர் குடிமக்கள் வீட்டுலயே பீர் காய்ச்ச உரிமை வச்சிருந்தாங்க, ஊருக்குப் பொதுவான அண்டாவை வீட்டுக்கு வீடு உருட்டிக்கிட்டுப் போவாங்க. கூரையில வரிசையா சின்னச் சின்னத் திறப்பு தெரியும், பீருக்காக முளைகட்டின தானியமான மால்ட் காயப்போட்ட மாடிக்குக் காத்து வர்றதுக்கு. வீட்டு முகப்பைப் பார்த்தே வீட்டுக்காரர் தொழிலைச் சொல்லலாம்.

மிச்ச நாளெல்லாம் ஹார்ட்ஸ். க்வெட்லின்புர்க்ல ரூம் போட்டுட்டு அங்க இருந்தே வெர்னிகெரோடெ போயிட்டு வாங்க, கார்ல அரை மணி நேரம்தான். அங்க ஊரிலேயே சின்ன வீடு ஒண்ணு, முகப்பு மூணு மீட்டர் கூடக் கிடையாது. உள்ள போய்ப் பார்க்கலாம். சாய்ஞ்ச வீடு ஒண்ணும் இருக்கு, பழைய ஆலை, பக்கத்துல ஓடின வாய்க்கால் அடித்தளத்தை அரிச்சதால சாய்ஞ்சது. ப்ரோக்கன் மலைக்கு நீராவி ரயிலும் அங்க இருந்து ஏறலாம். கார்த்தி, மலையும் வந்தாச்சு.

இப்ப ஹாலெ. சாலையோட பட்டியல்ல அந்த ஊர் இல்ல, இருந்தாலும் நம்ம ஆளுங்க தவறவிடக் கூடாத மரச்சட்டக் கட்டடம் அங்கதான் இருக்கு. ஃபிராங்கெ அறநிலையம்னு 1698ல தொடங்கினது, அநாதைப் பிள்ளைகளுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்குமா ஒரு ஊர் மாதிரி கட்டியிருக்காங்க. அதுல நீண்ட வீடுன்னு ஒண்ணு: ஆறு மாடி, நூறு மீட்டருக்கு மேல நீளம், முழுக்க மரச்சட்டம். 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்கின சீகன்பால்க் பாதிரியார் ஹாலெயில படிச்சவர்தான். அவர் தரங்கம்பாடியில தமிழ்ல அச்சடிச்சாரே, அதுக்கான தமிழ் எழுத்தை முதல்ல வார்த்து அனுப்பினது ஹாலெயில. தரங்கம்பாடியில இருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் அந்த அறநிலையத்தோட சேகரிப்புல இன்னைக்கும் இருக்கு. பிரதான கட்டடத்தோட மேல்மாடியில பழைய அதிசயப் பொருள் கூடம் ஒண்ணு இருக்கு, அப்பா அம்மாவைக் கட்டாயம் ஏத்திக் காட்டுங்க.

நெல்லை_பிரபா:
மீனாக்கா, தரங்கம்பாடின்னு சொன்னதுமே அம்மாவுக்கும் ஆர்வம் வந்துடுச்சு. இவ்வளவு நேரம் இது அப்பாவோட டூர்னு ஒதுங்கியிருந்தாங்க. இந்த வழியையே வச்சுக்கிறோம். செல்லே இந்தத் தடவை வழியில வரல, வாணியக்கா, ஆனா ஒரு வாரக் கடைசியில தனியா வந்து அந்தக் கோயிலைப் பார்ப்போம்.

ரெண்டு சந்தேகம். அம்மாவுக்கு முட்டிவலி. பழைய வீட்டையே ஹோட்டலா மாத்தின இடத்துல தங்கினா படி பிரச்சினை ஆகுமா? அப்புறம் சைவச் சாப்பாடு?

ஹானோவர்_மீனா:
படி பிரச்சினைதான். அந்த மாதிரி ஹோட்டல்கள்ல பாதிக்கு மேல லிஃப்ட் இருக்காது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்துல லிஃப்ட் வைக்க அனுமதி சுலபமா கிடைக்காது. ரூம் போடும்போதே கீழ்த்தளம் வேணும்னு எழுதிக் கேளுங்க, முற்றத்துப் பக்கம் பின்கட்டுல ஒண்ணு ரெண்டு அறை வச்சிருப்பாங்க. ஆனா அப்பா உயரமானவரா இருந்தா நிலைப்படியில குனிஞ்சு போகச் சொல்லுங்க.

சாப்பாட்டுக்குச் சீஸ் போட்ட ஸ்பெட்ஸ்லெ (நூடுல்ஸ் மாதிரி), அடுப்புல சுட்ட உருளைக்கிழங்கு, காளான் எங்கயும் கிடைக்கும். சூப் வாங்கும்போது மட்டும் இறைச்சித் தண்ணியான்னு கேட்டுக்கோங்க. அம்மாவுக்கு ஒரு வேளையாவது சோறு வேணும்னா சமையலறை உள்ள விடுமுறை வீடு எடுங்க, க்வெட்லின்புர்க்ல நிறைய இருக்கு. ஞாயித்துக்கிழமை கடை திறக்காது, சனிக்கிழமையே தயிர் வாங்கி வச்சுக்கோங்க.

தச்சுப்பட்டறை:
ஒரு சேர்க்கை. க்வெட்லின்புர்க்கில் அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாலெயின் அந்தக் கூடம் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதனால் திரும்பும் நாளைச் செவ்வாயோ புதனோ ஆக்குங்கள். அப்பாவுக்கு ஒரு சிறிய பைனாகுலர் எடுத்து வாருங்கள். செதுக்கு வேலை எல்லாம் இரண்டாம் மாடி உயரத்தில் இருக்கிறது, கழுத்து வலிக்காமல் பார்க்கலாம். வெர்னிகெரோடெ நகராட்சி மன்றத்தின் விட்ட முனைகளில் இருக்கும் சிற்ப முகங்களை அதன் வழியாகப் பார்க்கட்டும்.

நெல்லை_பிரபா:
பைனாகுலர் அவர்கிட்டயே இருக்கு அண்ணே, பறவை பார்க்க வச்சிருக்கார். எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன். ஹாலெயைச் செவ்வாய்க்கிழமைக்கு மாத்தி ரூம் போட்டாச்சு. போயிட்டு வந்ததும் படங்களை இதே இழையில போடுறேன்.